படைப்பணியும் பாசனப்பணியும்: ஆர்தர் காட்டனின் (1803–1899) வாழ்வும் தமிழக நீர் வரலாற்றில் அவர்தம் இடமும்

ஆய்வுச் சுருக்கம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைப்பிரிவில் பதினாறாம் வயதில் பொறியாளராகச் சேர்ந்து, ஜெனரல் என்னும் உயர்நிலை வரை உயர்ந்து, தொண்ணூற்றாறு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தவர் சர் ஆர்தர் காட்டன். ஆந்திர நாட்டில் கோதாவரி அணைக்கட்டின் வழியாக வழிபாட்டுக்குரியவராகவே அவர் நினைக்கப்படுகிறார். அவருடைய கோதாவரிப் பணிக்கு அடித்தளமாக அமைந்தவை காவிரி, கொள்ளிடம் ஆகியவற்றில் அவர் பெற்ற பட்டறிவும், சென்னையின் மேற்கு, வடமேற்குப் புறநகரில் அவர் மேற்கொண்ட இருப்புப்பாதை முயற்சியும் ஆகும். அவருடைய வாழ்வைக் காலவரிசையில் தொகுத்து, தமிழக மரபு நீரியல் அறிவுக்கு அவர் பட்ட கடனையும், அவருடைய வெற்றி தோல்விகளையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: ஆர்தர் காட்டன், சென்னைப் பொறியாளர் படை, கல்லணை, மேலணை, கீழணை, செங்குன்றம் இருப்புப்பாதை, தவளேசுவரம், நீர்வழிப் போக்குவரத்து.

முன்னுரை

சென்னை மாநகரின் மேற்குப் புறம் படைத்துறையோடு நெடுங்காலத் தொடர்பு கொண்டது. கம்பெனி ஆட்சியில் பூந்தமல்லி ஐரோப்பியப் படைவீரர்கள் தங்கும் நிலையமாக விளங்கியது. மேற்கு நோக்கிப் பெங்களூருக்குச் செல்லும் பெருவழி அதனை ஊடறுத்துச் சென்றது. இருபதாம் நூற்றாண்டில் ஆவடி, இரண்டாம் உலகப்போர்க் காலக் கிடங்குகளாலும் விடுதலைக்குப் பின் நிறுவப்பட்ட கனரக ஊர்தித் தொழிற்சாலையாலும் படைத்துறை நகரமாகவே வளர்ந்தது. அம்பத்தூருக்கு வடக்கே பரந்து கிடக்கும் புழல் ஏரியும் அதனை ஒட்டிய செங்குன்றமும் நகரின் குடிநீருக்கும் சாலைக்கல்லுக்கும் மூலமாக இருந்தன. இந்நிலப்பகுதியைப் படைத்துறைப் பொறியாளர் ஒருவரின் கண்கொண்டு நோக்கிய தொடக்கக்கால அலுவலர்களுள் ஒருவர் ஆர்தர் காட்டன்.

காட்டனைப் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் அவரைக் கல்லணையைப் போற்றிய அயலவர் என்ற ஒற்றைச் செய்தியோடு நிறுத்திக்கொள்கின்றன. தெலுங்கு நாட்டிலோ அவர் கோதாவரியின் பகீரதராகக் கொண்டாடப்படுகிறார். இவ்விரு நினைவுகளும் தனித்தனியே நிற்பதால், தஞ்சைச் சமவெளியில் கற்றதே தவளேசுவரத்தில் செயலாயிற்று என்னும் தொடர்ச்சி போதிய அளவு கவனிக்கப்படவில்லை. அத்தொடர்ச்சியை அவருடைய வாழ்க்கை நிகழ்ச்சிகளின் வழியே நிறுவுதல் இங்கு முதன்மை பெறுகிறது.

குடும்பமும் இராணுவக் கல்வியும்

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் ஹென்றி கால்வெலி காட்டன். அவருக்குப் பிறந்த ஆண்மக்கள் பதினொருவருள் ஆர்தர் பத்தாமவர். குடும்பம் படைத்துறைச் சார்பு மிக்கது. 1826இல் பரத்பூர்க் கோட்டையைக் கைப்பற்றிய படைத்தலைவர் கோம்பர்மியர் பிரபு இக்குடும்பத்தின் நெருங்கிய உறவினர். உடன்பிறந்தார் சிலரும் இந்தியப் பணிக்கு வந்தனர். அவர்களுள் சிட்னி காட்டன் தரைப்படையிலும், பிரெடரிக் காட்டன் ஆர்தரைப் போலவே சென்னைப் பொறியாளர் படையிலும் பெயர் பெற்றனர்.

குரோய்டன் நகரை அடுத்த அடிஸ்கோம்பில் 1809ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி தன் பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் அலுவலர்களைப் பயிற்றுவிக்க இராணுவக் கல்லூரி ஒன்றை நிறுவியது. கணிதம், அரண் அமைப்பு, நில அளவை, வரைபடக்கலை ஆகியவை அங்கு முதன்மைப் பாடங்கள். பதினைந்தாம் வயதில் அக்கல்லூரியில் சேர்ந்த காட்டன், 1819ஆம் ஆண்டு சென்னைப் பொறியாளர் படையில் இரண்டாம் லெப்டினன்டாக அமர்த்தம் பெற்றார். வேல்ஸ் பகுதியில் நடைபெற்ற அரசு நில அளவைப் பணியில் சிறிது காலம் பயிற்சி பெற்று, 1821ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

அடிஸ்கோம்பின் கல்வி தென்னிந்திய நீர் வரலாற்றில் தனியே ஆராயத்தக்கது. போர்க்களத்தில் அகழி வெட்டவும் பாலம் அமைக்கவும் பயிற்றப்பட்ட இளைஞர்கள் பாசனப் பொறியாளர்களாக மாறியதற்கு அக்கால நிருவாக அமைப்பே காரணம். சென்னை மாகாணத்தில் பொதுப்பணித்துறை தனித்துறையாக உருப்பெறுவதற்கு முன், பொதுப்பணிகளின் மேற்பார்வை இராணுவ வாரியத்தின் கையில் இருந்தது. எனவே ஏரி, அணை, சாலை ஆகிய அனைத்தும் படை அலுவலர்களின் பொறுப்பில் விழுந்தன. பின்னாளில் முல்லைப் பெரியாற்றில் அணை எழுப்பிய ஜான் பென்னிகுவிக்கும் இதே கல்லூரியில் பயின்று இதே படைப்பிரிவில் சேர்ந்தவர் என்பது நினைக்கத்தக்கது.

தொடக்கக்காலப் பணிகள்

சென்னைக்கு வந்த காட்டன், தென் மண்டலத்தின் தலைமைப் பொறியாளருக்குத் துணைவராக அனுப்பப்பட்டார். பாம்பன் நீர்வழியைக் கப்பல் போக்குவரத்துக்கு ஏற்ப ஆழப்படுத்தும் வாய்ப்பை ஆராய்ந்தது அவருடைய தொடக்கக்கால அலுவல்களுள் ஒன்று. நிலத்தையும் நீரையும் இணைத்து நோக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கியது எனலாம். 1824 முதல் 1826 வரை நடைபெற்ற முதலாம் ஆங்கில–பர்மியப் போரில் அவர் களப்பணி ஆற்றினார். நெடிய படைத்துறை வாழ்வில் அவர் நேரடியாகப் போரில் ஈடுபட்ட காலம் அதுவே. எஞ்சிய ஆண்டுகள் யாவும் மண்ணோடும் கல்லோடும் வெள்ளத்தோடும் கழிந்தன.

போரிலிருந்து திரும்பியபின் 1828ஆம் ஆண்டளவில் காப்டன் நிலையை எய்திய அவரிடம் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவருடைய வாழ்வின் திசையை மாற்றிய நியமனம் அது.

காவிரி – கொள்ளிடச் சிக்கல்

தஞ்சை அரசு 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கம்பெனியின் நிருவாகத்துக்கு உட்பட்டது. அதனோடு காவிரிப் படுகையின் பராமரிப்பும் கம்பெனியிடம் வந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளையாகிய கொள்ளிடம் நேர்வழியில், மிகுந்த சரிவுடன் கடலை நோக்கி ஓடுவது. தென்கிளையாகிய காவிரியோ பல கிளையாறுகளாகப் பிரிந்து தஞ்சை வயல்களுக்கு நீரூட்டுவது. சரிவு மிக்க கொள்ளிடம் ஆண்டுதோறும் தன் படுகையை அரித்து ஆழமாக்கிக் கொண்டது. காவிரியின் தலைப்பிலோ மணலும் வண்டலும் மேடிட்டன. ஆற்றில் நீர் குறைந்த பருவங்களில் காவிரிக்குள் நுழைய வேண்டிய நீர் கொள்ளிடத்தின் வழியே வீணாகக் கடலில் கலந்தது.

திருவரங்கத் தீவின் கீழ்முனையில், காவிரி நீர் மீண்டும் கொள்ளிடத்துக்குள் விழுந்துவிடாமல் காப்பது கல்லணை. கரிகாலனோடு இணைத்து வழங்கப்படும் இப்பேரணையைக் கம்பெனி அலுவலர் காப்டன் கால்டுவெல் 1804ஆம் ஆண்டு ஆராய்ந்து உயர்த்திப் பழுதுபார்த்தார். எனினும் மேல்தலைப்பில் ஏற்பட்ட நோய் அதனால் தீரவில்லை. உழவர்களும் அலுவலர்களும் ஆண்டுதோறும் தலைப்பில் மணலை வெட்டி அகற்றியும், தற்காலிகக் கொரம்புகளை அமைத்தும் நீரைத் திருப்ப முயன்றனர். வெள்ளம் வந்தபோதெல்லாம் அவை அடித்துச் செல்லப்பட்டன.

காட்டன் இச்சிக்கலை ஆராய்ந்தபோது அவர்முன் நின்ற தலையாய வினா அடித்தளம் பற்றியது. எவ்வளவு தோண்டினும் பாறை அகப்படாத மணற்படுகையில் நிலையான அணையை எழுப்புவது எவ்வாறு என்பதற்கு அடிஸ்கோம்பில் விடை கற்பிக்கப்படவில்லை. விடை கல்லணையில் இருந்தது. பாறையைத் தேடாமல் பெருங்கற்களை மணலில் இட்டு, அவை தாமே அமிழ்ந்து நிலைகொள்ளுமாறு விட்டு, மேன்மேலும் கற்களை அடுக்கிக் களிமண் கொண்டு இணைத்த பழந்தமிழ்க் கட்டுமான முறையை அவர் கூர்ந்து பயின்றார். ஆழம் அறிய இயலாத மணலிலும் அடித்தளம் நிற்கும் என்பதைத் தம் காலத்துப் பொறியாளர்கள் இந்நாட்டு முன்னோரிடமிருந்தே கற்றனர் எனப் பின்னர் அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார். ஆளும் இனத்தைச் சேர்ந்த படை அலுவலர் ஒருவர் ஆளப்படுவோரின் தொழில்நுட்பத்துக்கு வெளிப்படையாகக் கடன்பட்டமையை அறிவித்தது அக்காலச் சூழலில் அரிதான செயல்.

கல்லணையையும் அவர் அப்படியே விட்டுவிடவில்லை. அணைக்கு மேற்புறம் ஆண்டுதோறும் சேர்ந்த மணலை வெளியேற்ற வழியின்மை அதன் குறையாக இருந்தது. 1830ஆம் ஆண்டு அதில் மணல்போக்கி மதகுகள் அமைக்கப்பட்டன. இதன்பின் உடல்நலம் குன்றியதால் அவர் விடுப்பில் தாயகம் சென்று மீண்டார்.

மேலணையும் கீழணையும்

1836ஆம் ஆண்டு கொள்ளிடத்தின் குறுக்கே இரண்டு அணைகள் எழுந்தன. முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் அமைந்தது மேலணை. அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் கீழே, அணைக்கரை என்று இன்று வழங்கும் இடத்தில் அமைந்தது கீழணை. மேலணையின் பணி, கொள்ளிடத்துக்குள் பாயும் நீரைத் தடுத்து உயர்த்திக் காவிரிக்குத் திருப்புவது. கீழணையின் பணி, எஞ்சிக் கொள்ளிடத்தில் ஓடும் நீரையும் கசிவு நீரையும் மீட்டெடுத்துத் தென்னார்க்காட்டுக்கும் தஞ்சையின் வடகீழ்ப் பகுதிக்கும் வழங்குவது. வீராணம் ஏரிக்கு வடவாற்றின் வழியே நீர் செல்வது கீழணையிலிருந்தே ஆகும். 2004ஆம் ஆண்டு முதல் வீராணத்து நீர் குழாய்வழியே சென்னை மாநகருக்குக் குடிநீராக வருவதை எண்ணும்போது, காட்டனின் பணிப்பயன் அவர் கருதாத திசையிலும் நீண்டிருப்பது தெரியும்.

அணைகளின் அமைப்பில் உள்நாட்டு முறையும் ஐரோப்பியக் கணக்கும் கலந்தன. மணலில் கிணற்று உறைகளை இறக்கி அவற்றின்மேல் கட்டுமானத்தை எழுப்பும் முறை தென்னாட்டுத் தொழிலாளர் நன்கறிந்தது. அதன்மீது செங்கல்லும் கருங்கல்லும் கொண்டு தாழ்ந்த சுவரும், கீழ்ப்புறத்தில் விழும் நீர் மண்ணை அரிக்காதபடி கற்பாவுதளமும், இடையிடையே மணல்போக்கி மதகுகளும் அமைக்கப்பட்டன.

இப்பணி குறையற்றது அன்று. மேலணை கொள்ளிடத்தை அடைத்ததால் காவிரிக்குள் அளவுக்கு மேல் நீர் பாய்ந்தது. மேடிட்டிருந்த காவிரிப் படுகை இப்போது அரிப்புக்கு உள்ளாகி ஆழ்ந்தது, கரைகள் அச்சுறுத்தப்பட்டன. அதனைச் சீர்செய்ய மேலணையின் ஒரு பகுதி தாழ்த்தப்பட்டது. 1840களில் காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஒரு தடுப்புச்சுவர் கட்டப்பட்டது. ஓர் ஆற்றை ஓரிடத்தில் தொட்டால் அதன் மறுமொழி வேறோர் இடத்தில் வெளிப்படும் என்னும் பாடத்தைச் சென்னை மாகாணப் பொறியாளர்கள் இங்கேதான் கற்றனர். நூற்றாண்டின் இறுதியையொட்டி மேலணை கதவுகள் கொண்ட நீரொழுங்கியாக மாற்றியமைக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெருவெள்ளத்தின்போது அதன் ஒன்பது கண்மதகுகள் இடிந்து சென்றன. அதன்பின் புதிய கதவணை எழுப்பப்பட்டது.

செங்குன்றம் இருப்புப்பாதை

காவிரிப் பணிகளை அடுத்துக் காட்டனின் கவனம் சென்னையின் சுற்றுப்புறத்தின்மீது திரும்பியது. மாநகரின் சாலைகளுக்கு வலிய கல் தேவைப்பட்டது. கடற்கரை மணலும் களிமண்ணும் நிறைந்த நகரில் அது கிடைப்பதில்லை. வடமேற்கே செங்குன்றத்தில் செம்பூராங்கல் மிகுதியாகக் கிடைத்தது. ஊரின் பெயரே அம்மண்ணின் நிறத்தைச் சுட்டுவது. மாட்டு வண்டிகளில் கல்லைக் கொண்டுவரும் செலவும் காலமும் மிகுதியாக இருந்தமையால், இருப்புப்பாதை அமைத்து அதனைக் கொண்டுவரலாம் என்னும் திட்டத்தைக் காட்டன் முன்வைத்தார்.

1837ஆம் ஆண்டு செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தை நோக்கிய கல் போக்குவரத்துக்காக இப்பாதை இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் இயங்கிய முதல் இருப்புப்பாதையாக இதனை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். பயணியர் போக்குவரத்து முறையாகத் தொடங்கிய 1853ஆம் ஆண்டு பம்பாய்–தாணே பாதைக்கு இது பதினாறு ஆண்டுகள் முற்பட்டது. இப்பாதையில் நீராவி எந்திரமும் பயன்படுத்தப்பட்டது. சரக்கு ஒன்றே இதன் நோக்கமாதலாலும், நெடுங்காலம் நீடிக்காமையாலும் மக்கள் நினைவில் இது நிலைபெறவில்லை.

இம்முயற்சியின் பயன் வேறோர் இடத்தில் விளைந்தது. கல் வெட்டும் குன்றிலிருந்து பணியிடத்துக்குத் தண்டவாளத்தின் வழியே பெருமளவு கல்லைக் குறைந்த செலவில் நகர்த்தும் முறையைக் காட்டன் 1840களில் தவளேசுவரத்தில் கையாண்டார். அங்கு அணைக்கல் சுமந்த பாதைக்குச் செங்குன்றத்துப் பாதையே முன்னோடி.

1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாகவே அது மேற்கு நோக்கிச் சென்றது. செங்குன்றத்தில் தண்டவாளம் இட்ட காட்டன் அப்போது அத்தகைய இருப்புப்பாதைகளுக்கு முதன்மை அளிப்பதை எதிர்ப்பவராக மாறியிருந்தார். அம்மாற்றத்தின் காரணம் கோதாவரியில் உள்ளது.

இடைவெளியும் இல்லறமும்

1830களின் இறுதியில் அவர் மீண்டும் நோயுற்றார். கடும் வெயிலிலும் ஆற்றுப்படுகையிலும் கழித்த ஆண்டுகள் அவர் உடலைத் தளர்த்தியிருந்தன. ஓய்வுக்காகத் தாஸ்மானியா என இன்று வழங்கும் வான் டீமன் நாட்டுக்குச் சென்றார். அங்கு எலிசபெத் லியர்மவுண்ட் என்பாரை 1841ஆம் ஆண்டு மணந்தார். அடுத்த ஆண்டு பிறந்த மகளே பிற்காலத்தில் ஹோப் சீமாட்டி என அறியப்பட்டவர். தந்தையின் மறைவுக்குப் பின் 1900ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டவரும் அவரே. காட்டன் ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையவர். மக்களைப் பட்டினியிலிருந்து காப்பது ஆள்வோரின் அறக்கடமை என்னும் அவருடைய பிடிவாதத்துக்கு அப்பற்றும் ஓர் ஊற்றாக இருந்தது.

கோதாவரி: தஞ்சை தந்த சான்று

1843ஆம் ஆண்டளவில் திரும்பிவந்த காட்டன் விசாகப்பட்டினப் பகுதியில் பணியாற்றியபின் கோதாவரிப் படுகையை ஆராயப் பணிக்கப்பட்டார். 1830களின் தொடக்கத்தில் கொடும் பஞ்சமும், 1839ஆம் ஆண்டு கொரிங்காவைத் தாக்கிய பெரும்புயலும் அம்மாவட்டத்தைச் சிதைத்திருந்தன. மக்கள்தொகை இருபதாண்டுகளில் பெரிதும் குறைந்திருந்தது. பேராறு ஒன்று நடுவே ஓட, அதன் இரு கரையிலும் மக்கள் பசியால் மடிந்தனர்.

1844ஆம் ஆண்டு அவர் அளித்த அறிக்கையின் அச்சாணி ஓர் ஒப்பீடு. மண்வளத்தாலும் நீர்வளத்தாலும் கோதாவரிப் படுகை தஞ்சைக்குத் தாழ்ந்ததன்று. ஆயினும் தஞ்சை செழித்தது, இராஜமுந்திரி நலிந்தது. வேறுபாடு அணையும் வாய்க்காலும் உடைமையில் இருந்தது. தமிழ் மன்னர்கள் பல நூற்றாண்டுகளாகக் கட்டிக் காத்த பாசன அமைப்பே இவ்வாறு தெலுங்கு நாட்டின் திட்டத்துக்குச் சான்றாவணமாயிற்று. கம்பெனி இயக்குநர்களை இணங்கவைக்க அவர் வருவாய்க் கணக்கையும் துணைக்கு அழைத்தார். நீர் பெருகினால் விளைச்சல் பெருகும், விளைச்சல் பெருகினால் நிலவரி பெருகும் என்னும் வாதமே கருவூலக் கதவைத் திறந்தது.

1847ஆம் ஆண்டு தவளேசுவரத்தில் பணி தொடங்கியது. ஆறு நான்கு கிளையாகப் பிரிந்து இடையே தீவுகள் அமைந்த அவ்விடத்தில் தவளேசுவரம், ராலி, மத்தூரு, விஜ்ஜேசுவரம் என நான்கு பகுதிகளாக அணை எழுந்தது. கற்களைப் பெருமளவில் மணலில் கொட்டி நிலைப்படுத்தும் கல்லணை முறை இங்குப் பேரளவில் பின்பற்றப்பட்டது. வீணம் வீரண்ணா என்னும் உள்நாட்டு மேற்பார்வையாளர் பல்லாயிரம் தொழிலாளரைத் திரட்டி வழிநடத்தினார். ஆற்றின் கிளை ஒன்றைத் தாண்டி நீரைக் கொண்டுசெல்ல கன்னாவரத்தில் நாற்பத்தொன்பது வளைவுகள் கொண்ட நீர்ப்பாலத்தை லெப்டினன்ட் ஹேக் அமைத்தார். 1852ஆம் ஆண்டு அணை நிறைவுற்றது. கிருஷ்ணா ஆற்றில் விஜயவாடாவில் இதே முறையில் காப்டன் ஓர் கட்டிய அணை 1855ஆம் ஆண்டு முடிவடைந்தது. கோதாவரிப் படுகையில் இன்று ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கர் பாசனம் பெறுகிறது. பழைய அணைக்கு மாற்றாக எழுந்த கதவணை காட்டன் பெயரையே தாங்கியுள்ளது.

நீர்வழியும் இருப்புப்பாதையும்

கோதாவரி வாய்க்கால்கள் பாசனத்துக்கும் படகுப் போக்குவரத்துக்கும் ஒருங்கே பயன்பட்டன. இந்த இரட்டைப் பயன் காட்டனின் பொதுக்கொள்கையாக வளர்ந்தது. 1854ஆம் ஆண்டு இந்தியப் பொதுப்பணிகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் முதலாக, இருப்புப்பாதைக்கு இடப்படும் முதலின் ஒரு பகுதியை நீர்வழிகளுக்கு இட்டால் சரக்கும் மலிவாகச் செல்லும், நிலமும் விளையும், பஞ்சமும் தணியும் என அவர் தொடர்ந்து வாதிட்டார். இந்தியப் பேராறுகளை வாய்க்கால்களால் இணைக்கும் கருத்தையும் முன்வைத்தார். இன்றைய நதிநீர் இணைப்பு விவாதங்களில் அவர் பெயர் எடுத்துக்காட்டப்படுவது இதனால்தான். ஆயினும் அவர் கருதிய இணைப்பு முதன்மையாகப் படகுப் போக்குவரத்தை நோக்கியது என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

1860ஆம் ஆண்டு இந்தியப் பணியிலிருந்து அவர் விலகினார். 1861இல் சர் பட்டமும் 1866இல் இந்திய விண்மீன் வரிசையின் உயர்விருதும் பெற்றார். பதவிநிலையில் ஜெனரலாக உயர்ந்தார். அவருடைய கருத்துகளின் வழியே தோன்றிய தனியார் பாசனக் குழுமங்கள் மட்டும் வெற்றி பெறவில்லை. துங்கபத்திரையிலிருந்து கர்நூல்–கடப்பைக் கால்வாயை வெட்டிய சென்னைப் பாசனக் குழுமம் எதிர்பார்த்த வருவாயை ஈட்டாமல் 1882இல் அரசிடம் சென்றது. ஒரிசாவில் தொடங்கப்பட்ட குழுமமும் அதற்கு முன்பே அவ்வாறே முடிந்தது. ஆற்றுப் படுகையின் வண்டல் நிலத்தில் பலித்த கணக்கு, தக்காணத்தின் கரிசல் நிலத்தில் பலிக்கவில்லை. மழையை நம்பிப் புன்செய்ப் பயிர் செய்து பழகிய உழவர்கள் வாய்க்கால் நீருக்குத் தீர்வை செலுத்த முன்வரவில்லை.

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தில் பல லட்சம் உயிர்களைப் பறித்தபோது, எழுபது வயதைக் கடந்த காட்டன் மீண்டும் பொதுமேடை ஏறினார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல், ஜான் பிரைட் ஆகியோர் அவர் பக்கம் நின்றனர். 1878ஆம் ஆண்டு இந்தியப் பொதுப்பணிகளை ஆராய அமைந்த நாடாளுமன்றத் தெரிவுக்குழு அவருடைய மதிப்பீடுகளை ஏற்கவில்லை. கர்நூல் கால்வாயின் இழப்பு அவருக்கு எதிரான வலிய சான்றாக எடுத்தாளப்பட்டது. எனினும் 1880க்குப் பின் பஞ்சக் காப்புப் பணிகளின் கீழ்ப் பாசனத்துக்கும் இடம் கிடைத்தது. அந்த மாற்றத்தில் அவருடைய இடைவிடாத வாதத்துக்கும் பங்குண்டு.

இறுதிக்காலம்

பிற்கால ஆண்டுகளைக் காட்டன் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்து டார்கிங் நகரில் கழித்தார். அங்குத் தம் தோட்டத்தில் நிலத்தை ஆழமாகக் கிளறிக் கோதுமை பயிரிட்டு விளைச்சலைப் பெருக்கும் ஆய்வுகளை மேற்கொண்டார். தொண்ணூறு வயதை அணுகியபோதும் இந்தியாவின் உணவு பற்றிய கவலையே அவர் எழுத்துகளில் முன்னின்றது. 1899ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் மறைந்தார்.

மதிப்பீடு

காட்டனின் வாழ்வை மதிப்பிடுகையில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, அவர் பேரரசின் அலுவலர். அவருடைய பாசனத் திட்டங்கள் பசியைத் தணித்தன. அதே வேளையில் அவை கம்பெனியின் நிலவரியைப் பெருக்கும் கருவிகளாகவே ஏற்பளிக்கப்பட்டன. அறநோக்கும் வருவாய்நோக்கும் அவர் எழுத்தில் பிரிக்க இயலாதபடி பின்னிக் கிடக்கின்றன. அறநோக்கை மட்டும் கண்டு தெய்வமாக்குவதும், வருவாய்நோக்கை மட்டும் கண்டு ஒதுக்குவதும் சான்றுகளோடு பொருந்தா.

இரண்டாவது, பேரணைகளின் எழுச்சியோடு பாசன மேலாண்மை ஊராரின் கையிலிருந்து அரசுத் துறையின் கைக்கு மெல்ல நகர்ந்தது. குடிமராமத்து தளர்ந்தமையை உணர்ந்த அரசு 1858ஆம் ஆண்டு கட்டாய உழைப்புச் சட்டத்தால் அதனைத் தாங்க முயன்றது. ஊர்க் கடமையாக வழங்கிய ஒன்று சட்டத்தின் தண்டனைக்கு அஞ்சிச் செய்வதாக மாறியபோது அதன் உயிர் குன்றியது. இதற்குக் காட்டன் ஒருவரே பொறுப்பாகார். எனினும் அவர் வலுப்படுத்திய மையப்படுத்திய பொறியியல் இம்மாற்றத்தின் ஒரு கூறு.

மூன்றாவது, உள்நாட்டு அறிவை அவர் அணுகிய முறை. கல்லணையை அவர் தொல்பொருளாக எண்ணி வியந்து நின்றுவிடவில்லை. அதிலிருந்து ஒரு விதியைப் பிரித்தெடுத்து வேறோர் ஆற்றில் கையாண்டார். ஆற்றின் குறுக்கே எழுப்பும் கட்டுமானத்தைக் குறிக்கும் அணைக்கட்டு என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலப் பொறியியல் வழக்கில் கலைச்சொல்லாக நிலைபெற்றதும் இப்பரிமாற்றத்தின் மொழிச்சான்று. சொல்லோடு பொருளும், பொருளோடு முறையும் கடன் சென்றன.

சென்னையின் மேற்குப் புறத்தைப் பொறுத்தவரை, அவர் காலத்துக்குப் பின் 1872ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற பிரேசரின் திட்டம், கொசத்தலையாற்றில் தாமரைப்பாக்கம் அணைக்கட்டால் நீரைத் திருப்பிச் சோழவரம், புழல் ஏரிகளின் வழியே நகருக்குக் குடிநீர் தந்தது. தாழ்ந்த அணையால் நீரைத் தலைமதகுக்குத் திருப்பும் கொள்ளிட முறையே அங்கும் செயற்பட்டது. கல்லுக்காகக் காட்டன் தேடிச்சென்ற செங்குன்றம் நீருக்காக நகரம் நாடும் இடமாயிற்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. காட்டனின் கோதாவரிச் சாதனை தனித்து எழுந்ததன்று. காவிரி, கொள்ளிடம், கல்லணை ஆகியவற்றில் பெற்ற பட்டறிவின் விரிவாக்கமே அது.

2. செங்குன்றம் இருப்புப்பாதை குறுகிய காலமே இயங்கினும், பேரணைக் கட்டுமானத்துக்குரிய கல் போக்குவரத்து முறைக்கு முன்னோடியாக அமைந்தது.

3. மேலணையால் காவிரிப் படுகை அரிப்புற்றமையும் கர்நூல் கால்வாயின் தோல்வியும், ஆற்றின் இயல்பையும் நிலத்தின் இயல்பையும் உழவர் வழக்கத்தையும் ஒருங்கே எண்ணாத திட்டம் முழுமை பெறாது என்பதை உணர்த்துகின்றன.

4. படைத்துறை அலுவலராக நாற்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அவருடைய பெயர் நிலைபெற்றது பர்மியப் போரினால் அன்று. நீரை வயலுக்குத் திருப்பிய அணைகளால்.

5. தமிழக நீர் வரலாற்றில் அவருடைய இடம், பழைய அறிவைப் புதிய கணக்கோடு இணைத்தவர் என்பதாகும். அவ்வறிவின் முதல் உரிமை, மணலில் கல்லிட்டு ஆற்றை ஆண்ட பெயர் தெரியாத பழந்தமிழ்க் கட்டுநர்க்கே உரியது.